பிள்ளையார் சுழி போட்ட ஃபைல்

அத்தியாயம் 4

மாசானத்தின் வண்டியைக் கேட்டிலேயே மறித்துவிட்டார்கள்.

"இந்த வண்டி உள்ள வரக் கூடாது. ரோட்டோரமா வுட்டுட்டு நடந்து வாங்க," என்றார் செக்யூரிட்டி.

"ஏன் அண்ணாச்சி, வண்டிக்கு ஆதார் கார்டு வேணுமா?"

"மொதலாளி ஆர்டர்."

உள்ளே ஷெட்டின் கீழ் நாற்பது வண்டிகள் நிழலில் சொகுசாக நின்றன. அதில் பாதி மாசானத்தின் வண்டியைவிடக் கேவலமானவை. அவன் அதை வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. செகண்ட் ஹேண்டுதான் என்றாலும், இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டி கிடைக்காது என்று ஸ்ரீபெரும்புதூர் புரோக்கரே சத்தியம் செய்து கொடுத்த வண்டி. அதை வெயிலில் விட்டுவிட்டு வர மாசானத்துக்கு மனசே இல்லை.

"வுடு மாசானம். அப்பறம் அழுதுக்கலாம்," என்றார் மரகதம்.

மரகதம் இருபத்திரண்டு வருடம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கார் பாகக் கம்பெனியில் தர ஆய்வாளராக இருந்தவர். விருப்ப ஓய்வு என்று பெயர் வைத்து அவர் விருப்பத்தைக் கேட்காமலே அனுப்பிவிட்டார்கள். இப்போது ஒரு மெஸ்ஸின் மாடியில் 'மரகதம் விசாரணை நிலையம்' என்று போர்டு மாட்டியிருக்கிறார். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகைக் கண்டுபிடித்த கண் அது. மனிதர்கள் அவ்வளவு நுணுக்கமாகத் தப்பு செய்யத் தெரியாதவர்கள் என்பதால் இந்தத் தொழில் சுலபமாக இருக்கிறது என்பார். கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டிருந்த திசையன்விளைக்காரன் மாசானம் அவருக்கு உதவியாளன், டிரைவர், வாய்.

வடக்குப்பட்டில் இருந்த அந்தக் கம்பெனியின் பெயர் குணநிதி ஃபிக்ஸ்சர்ஸ். கார் கதவையும் பானட்டையும் அசையாமல் பிடித்து வைத்து வெல்டிங் செய்ய உதவும் இரும்புச் சட்டங்களைச் செய்கிறார்கள். சட்டத்தில் ஓட்டை ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால், அங்கே காரில் கதவைச் சாத்த முடியாது.

முதலாளி சுப்பராயனின் அறையில் ஏசியைவிட ஊதுபத்தி அதிகம் வேலை செய்தது.

"மூணு வாரமா இந்த அக்கிரமம் நடக்குதும்மா. கம்ப்யூட்டர்ல பதினேழுன்னு இருக்கு, பிரிண்ட் எடுத்தா பதினெட்டுன்னு வருது. கீழ பசங்க பேப்பரப் பாத்துதான ஓட்ட போடுவாங்க? நாலு ஃபிக்ஸ்சர் திரும்பி வந்திருச்சு," என்றார் அவர்.

"யார் மேலனா சந்தேகம் இருக்குதா சார்?" என்று கேட்டார் மரகதம்.

"சந்தேகம் இன்னா சந்தேகம், தெரிஞ்சே போச்சு. ஏழு பேரு டிராயிங் போடறாங்க. ஆறு பேரோட பிரிண்ட்ல தப்பு. ஜெர்சின்னு ஒரு பொண்ணு, அவளுது மட்டும் சுத்தம். பிரிண்ட் எடுக்கற மிஷினும் அவ சீட்டு பக்கத்துலதான் கீது. எல்லாப் பேப்பரும் அவ கையத் தாண்டித்தான் கீழ போவுது. போட்டிக் கம்பெனிக்காரன் எவனோ அவள வளச்சிட்டான்." சுப்பராயன் மேஜை மேலிருந்த தாளைத் தட்டினார். "கம்ப்ளைன்ட்ல கையெழுத்தும் போட்டாச்சு. நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போவுது. யாருன்னு நான் கண்டுபிடிச்சிட்டேன். எப்படின்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சிக் குடுத்தா போதும்."

"தீர்ப்ப எழுதி வச்சுட்டு சாட்சிக்கு ஆளு தேடுதாரு," என்று மாசானம் மரகதத்தின் காதில் சொன்னான்.

மரகதம் அதைக் கேட்காத மாதிரி, "கஸ்டமர் இன்னா கேட்டாங்க சார்?" என்றார்.

"ரிப்போர்ட் கேட்டாங்க. அதான், தப்பு நடந்தா கேப்பாங்களே, அது."

"எய்ட் டி ரிப்போர்ட்டா?"

இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் பாகம் எதுவும் திரும்பி வந்தால் எட்டுப் படிகளில் விளக்கம் எழுதித் தர வேண்டும். மூல காரணம் என்ன, இனி நடக்காமல் இருக்க என்ன செய்வீர்கள் என்று அதில் எல்லாம் வரும். அதற்குத்தான் அந்தப் பெயர். டீக்கடையில் டீ சொல்வது மாதிரி அந்தப் பெயர் இங்கே எல்லார் வாயிலும் புழங்கும். ஆனால் சுப்பராயன் அதைக் கேட்டதும் கழுத்து ருத்திராட்சத்தைத் தொட்டுக்கொண்டார்.

"ஆங், அதேதான். மூணு வாரமா கேக்கறாங்க. மொதல்ல ஆளப் புடிப்போம், அப்பறம் அத எழுதலாம்னு வச்சிருக்கேன்."

மணி பதினொன்றே கால்.

டிசைன் ரூமில் ஏழு கம்ப்யூட்டர்கள். ஆறில் ஆட்கள் இருந்தார்கள். வந்தவர்களை நிமிர்ந்து பார்க்காமல் இருப்பதில் ஆறு பேரும் ஒற்றுமையாக இருந்தார்கள். ஏழாவது நாற்காலி காலி. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் இனியவன்தான் சுற்றிக் காட்டினான்.

ஒவ்வொரு வரைபடத்தின் இடது மேல் மூலையிலும் குட்டியாக 'உ' இருந்தது.

"புள்ளையார் சுழி மேடம். சுழி இல்லாத டிராயிங் எங்க எம்.டி. கண்ணுல படக் கூடாது. முன்னாடி எல்லாரும் கையால போட்டாங்க. மறந்துட்டா திட்டு. அதனால சின்னதா ஒரு புரோகிராம் ஃபைல் எழுதி சர்வர்ல 'சாமி'ன்னு ஒரு ஃபோல்டர்ல வெச்சோம். காலைல டிராயிங் சாஃப்ட்வேரத் தொறந்தா அது தானா வந்து உக்காந்துக்கும். புது டிராயிங் ஒவ்வொண்ணுலயும் சுழி தானா விழும்."

"தானாவா? ஒண்ணுமே கேக்காதா?"

இனியவன் தலையைச் சொறிந்தான். "ஆரம்பத்துல கேட்டுச்சு. டெய்லி காலைல ஒரு பெட்டி வரும். இந்த ஃபைல எழுதினது யாருன்னு தெரியல, இது வர்ற இடம் நம்பகமான இடங்களோட லிஸ்ட்ல இல்ல, ஏத்தலாமா வேணாமான்னு. 'ஏற்றாதே'ன்னு ஒரு பட்டன் கூட இருக்கும். அதான் பிரச்சனையே. காலங்காத்தால புள்ளையாரப் பாத்து 'ஏற்றாதே'ன்னு ஒரு பட்டன் எதுக்குய்யா வெச்சிருக்கீங்கன்னு எல்லாரும் எங்கிட்ட சண்டைக்கு வந்துட்டாங்க."

"புள்ளையாருக்கே கேட் பாஸ் கேட்டிருக்கு. என் வண்டி எம்மாத்திரம்," என்றான் மாசானம்.

"அப்பறம் இன்னா பண்ணீங்க?"

"'சாமி' ஃபோல்டர அப்படியே நம்பகமான இடங்க லிஸ்ட்ல சேத்துட்டேன் மேடம். அந்த லிஸ்ட்ல இருக்கற எடத்துலேர்ந்து எது வந்தாலும் சாஃப்ட்வேர் கேள்வி கேக்காது. நேரா உள்ள வுட்டுடும்."

"லிஸ்ட்ல சேக்கும்போது அது ஒண்ணும் சொல்லலயா?"

இனியவன் குரல் இறங்கியது. "சொல்லுச்சு. இந்த ஃபோல்டர்ல யார் வேணா எழுதலாம், பூட்டி வெக்கறது நல்லது, தொடரவான்னு கேட்டுச்சு. சாமி ஃபோல்டர்தானன்னு 'ஆமா' அமுக்கிட்டேன்."

"ஏழு கம்ப்யூட்டர்லயுமா?"

"ஆறுல. ஜெர்சி அவங்களோடதுல வேணாம்னு சொல்லிட்டாங்க. அவங்க மாதா கோயிலுக்குப் போறவங்க இல்லையா, வற்புறுத்தக் கூடாதுன்னு நானும் வுட்டுட்டேன். இன்னிக்கும் டெய்லி அவங்களுக்கு அந்தப் பெட்டி வருது. டெய்லி 'ஏற்றாதே'தான் அமுக்கறாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எம்.டி. கிட்ட யாரோ இதையும் சொல்லிட்டாங்க மேடம். புள்ளையாரையே வேணாங்கறவ எதுக்குத் துணிய மாட்டான்னு கேட்டாரு," என்றான்.

மரகதம் ஆறு மேஜைகளில் இருந்தும் ஆளுக்கொரு பிரிண்ட் எடுத்துக்கொண்டார். ஜெர்சியின் மேஜையிலிருந்து இரண்டு. ஏழு மேஜைத் தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் பரப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு மாசானத்தைக் கூப்பிட்டு, அந்த இரண்டு தாள்களின் மூலையைக் காட்டினார். மாசானம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான்.

ஜெர்சியை டிரெயினிங் ரூமில் உட்கார வைத்திருந்தார்கள். ஐ.டி. கார்டைப் பிடுங்கிவிட்டார்கள். இருபத்தொன்பது வயதிருக்கும். பிள்ளைப்பாக்கத்துப் பெண். அழுது முடித்த முகம்.

"நாலு மணிக்கு போலீஸ் மேடம். அதுகூடப் பரவால்ல, நான் பண்ணலன்னு என்னிக்கோ ஒரு நாள் தெரிஞ்சிடும்," என்றாள். "இந்தப் பக்கம் ஸ்ரீபெரும்புதூர்லேர்ந்து ஒரகடம் வரைக்கும் எல்லா கம்பெனி ஹெச்.ஆருக்கும் ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கு. காலைல பத்து மணிக்கே என் போட்டோவ அதுல போட்டுட்டாங்க. இவங்கள வேலைக்கு எடுக்காதீங்கன்னு. எங்க வீட்ல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான். இனிமே யார் மேடம் எனக்கு வேலை குடுப்பாங்க?"

"நீ ஏம்மா அந்த ஃபைல ஏத்தல?"

"பெட்டில எழுதியிருந்ததப் படிச்சேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் இல்ல மேடம். எழுதினவர் யாருன்னு தெரியல, உங்களுக்குத் தெரியலன்னா ஏத்தாதீங்கன்னு போட்டிருந்துச்சு. எனக்குத் தெரியல. ஏத்தல."

மாசானம் முன்னால் குனிந்தான். "அப்ப உன் டிராயிங்லயும் சுழி இருக்கே தாயி? அது எப்படி வந்துச்சு? மத்த ஆறு பேரோடதும் அச்சுல வார்த்த மாதிரி ஒண்ணுபோல கெடக்கு. உன்னோடது ஒரு தாள்ல வால் நீளம், இன்னொண்ணுல வயிறு பெருசு."

"நானே போட்டது. சின்ன வயசுலேர்ந்து எந்தப் பேப்பர் எடுத்தாலும் அது போட்டுத்தான் ஆரம்பிப்பேன். கை பழகிடுச்சு." ஜெர்சி மூக்கை உறிஞ்சினாள். "யாரும் என்னக் கேக்கல மேடம். நாலு வருஷமா ஆறு பேரும் என் டிபன் பாக்ஸ்லேர்ந்து சாப்ட்டாங்க. இன்னிக்கு ஒருத்தர்கூட இந்த ரூம் பக்கம் வரல."

கோபம் வந்தால் மாசானத்துக்குப் பசிக்கும். இப்போது பசிக்கவும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் மரகதம் கேன்டீனில் உட்கார்ந்து, தப்பாய்ப் போன அளவுகளை ஒரு தாளில் எழுதினார். பதினேழு பதினெட்டாகியிருந்தது. இருபத்தாறு இருபத்தேழாகியிருந்தது. முப்பத்தைந்து முப்பத்தாறு, நாற்பத்து நாலு நாற்பத்தைந்து. ஒரு இடத்தில் எட்டு ஒன்பதாகியிருந்தது. பக்கத்திலேயே இருந்த இருபதும் முப்பதும் பன்னிரண்டும் பத்திரமாக இருந்தன.

"கெடுக்கணும்னு நெனைக்கறவ எல்லாத்தையும் மாத்துவா. இவ ஏன் பொறுக்கிப் பொறுக்கி மாத்தணும்?" என்றார் மரகதம். "நீ போய் வண்டியப் பாத்துட்டு வா. அதையே நெனச்சிக்கினு உக்காந்திருக்க."

மாசானம் போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். முகம் தொங்கிப் போயிருந்தது.

"என்னை ஏமாத்திட்டான்க்கா அந்தப் புரோக்கர். வண்டி ஏன் சல்லிசாக் கெடச்சுதுன்னு இப்பந்தான் வெளங்குது. என் நம்பர் முப்பத்திரண்டு பன்னிரண்டு. மூணும் ரெண்டும் ஒண்ணும் ரெண்டும் கூட்டினா எட்டு வருதாம். எட்டு சனியனோட நம்பராம், ஒருத்தனும் வாங்கலையாம். இந்த மொதலாளியும் எட்டு வர்ற வண்டிய கேட்டுக்குள்ள விட மாட்டாராம். மூணு வாரத்துக்கு முந்தி காஞ்சிபுரத்துலேர்ந்து ஒரு நியூமராலஜிக்காரர் வந்து சொல்லிட்டுப் போனாராம். கேட்டுல எழுதியே போட்டிருக்கான்…"

மரகதம் எழுதிய தாளை எடுத்து அவன் பக்கம் திருப்பினார்.

"கூட்டு," என்றார்.

மாசானம் பதினேழைக் கூட்டினான். இருபத்தாறைக் கூட்டினான். முப்பத்தைந்துக்கு வந்தபோது அவன் விரல் நின்றுவிட்டது.

"எட்டு. எல்லாமே எட்டுக்கா."

"எழுந்திரு. மணி மூணாவப் போவுது."

மரகதம் இனியவனிடம் கேட்டது ஒரே ஒரு காரியம். ஆறு பேரில் ஒருத்தரின் கம்ப்யூட்டரில் புது வரைபடம் ஒன்றைத் திறந்து, கோடு எதுவும் போடாமல், ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்களை மட்டும் வரிசையாக எழுதச் சொன்னார். திரையில் ஐம்பதும் ஒழுங்காக நின்றன. பிரிண்ட் கொடுத்தான். மிஷின் முனகிவிட்டுத் தாளைத் துப்பியது.

அதில் ஏழுக்குப் பிறகு ஒன்பது, அதற்கும் பிறகு இன்னொரு ஒன்பது. பதினேழு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது பதினெட்டு. ஐம்பதில் ஐந்து எண்கள் ஊரைவிட்டு ஓடியிருந்தன. ஓடியவை எல்லாம் எட்டின் சொந்தக்காரர்கள்.

அதே எண்களை ஜெர்சியின் கம்ப்யூட்டரிலிருந்து பிரிண்ட் எடுத்தார்கள். ஐம்பதும் வந்தன.

டிசைன் ரூமில் ஆறு தலைகளும் முதல் முறையாக நிமிர்ந்தன.

"அந்த சுழி ஃபைல யாரோ தொறந்து கூட நாலு வரி எழுதியிருக்காங்க," என்றார் மரகதம். "பிரிண்ட் எடுக்கற நேரத்துல மட்டும் வேலை செய்யிற மாதிரி. நீங்க ஆறு பேரும் டெய்லி காலைல அதை வாசல் தொறந்து கூப்பிட்டு உக்கார வெச்சிருக்கீங்க. கடைசியா அதுல எழுதினது எந்தக் கம்ப்யூட்டர்னு பாரு தம்பி."

இனியவன் பார்த்தான். பார்த்துவிட்டுத் திரையைக் கையால் மறைத்துக்கொண்டான்.

"மேடம், நான் புதுசா கல்யாணம் ஆனவன் மேடம்."

"சொல்லுப்பா."

"மூணு வாரத்துக்கு முன்னாடி. ஞாயித்துக்கெழம. எம்.டி. கேபின் கம்ப்யூட்டர்."

மூன்றே முக்காலுக்கு சுப்பராயன் கம்ப்ளைன்ட்டைக் கவருக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மரகதம் எதிரே உட்கார்ந்து ஐம்பது எண் தாளை அவர் முன்னால் வைத்தார். சுப்பராயன் விரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே போனார். எட்டு இருக்க வேண்டிய இடத்தில் விரல் நின்றது. முகத்தில் முதலில் வந்தது எட்டு இல்லை என்ற நிம்மதி, அதுதான் வேடிக்கை. அடுத்த நிமிடம் அந்த நிம்மதியே அவரைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

"போட்டிக் கம்பெனிக்காரனுக்கு எட்டு மேல இன்னா சார் கோவம்?" என்றார் மரகதம்.

ஊதுபத்தி சாம்பல் ஒன்று உதிர்ந்தது.

"நான் டிராயிங் நம்பர மட்டுந்தாம்மா மாத்தச் சொன்னேன்!" சுப்பராயனின் குரல் உடைந்தது. "எட்டு வர்ற டிராயிங் நம்பர் வெளிய போவக் கூடாதுன்னு ஜோசியர் சொன்னாரு. என் தங்கச்சி பையன் இஞ்சினியரிங் படிக்கறான், ஞாயித்துக்கெழம வந்து அர மணி நேரத்துல போட்டுக் குடுத்தான். எட்டு வந்தா ஒண்ணு கூட்டிடும்னான். பேப்பர்ல இருக்கற எல்லா நம்பரையும் கூட்டும்னு அந்த நாயி சொல்லவே இல்லையே!"

"நீங்க கேட்டீங்களா?"

"சாமி ஃபோல்டர்ல வெச்சா எந்தக் கம்ப்யூட்டரும் கேள்வி கேக்காது மாமான்னான். நல்லதாப் போச்சு, ஸ்டாஃபுக்கும் தெரிய வேணாம்னு…" அவர் பாதியில் நிறுத்தினார்.

"பேர்ல எட்டு இருக்குன்னு மூணு வாரமா அந்த ரிப்போர்ட்டையும் எழுதாம, அதோட பேரையும் சொல்லாம, ஒரு துப்பறியறவளக் கூப்ட்டு வெச்சிருக்கீங்க," என்றார் மரகதம். கவரிலிருந்து கம்ப்ளைன்ட்டை எடுத்துப் பிரித்தார். "இதுல மூணாவது பாராவப் படிச்சீங்களா? அந்தப் பொண்ணு குத்தத்த ஒத்துக்கினதா போட்டிருக்கு."

"அப்படியா போட்டிருக்கு? ஹெச்.ஆர். அடிச்சிக் குடுத்தாரு. நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்."

மாசானத்துக்கு ஏழெட்டு நக்கல் நாக்கு நுனி வரை வந்தன. அத்தனையும் கசந்தன. அவன் எழுந்து போய், நடந்ததையெல்லாம் சொல்லி ஜெர்சியைக் கூட்டி வந்தான்.

சுப்பராயன் கெட்டவர் இல்லை. அவளைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்து, கம்ப்ளைன்ட்டை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். ஆனால் பிழைப்பு என்று ஒன்று இருக்கிறதே. துடைத்த கை ஈரம் காயும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"தப்பு நடந்துபோச்சும்மா. மனசுல வெச்சிக்காத. நாளைலேர்ந்து நீதான் டிசைன்ல சீனியர். அந்த கஸ்டமர் ரிப்போர்ட்ட மட்டும் இன்னிக்கே எழுதிக் குடுத்துடு, ஆறு மணிக்குள்ள கேக்கறாங்க. ஏதோ வைரஸ் கிய்ரஸ்னு எழுதிடு, ஒனக்குத் தெரியாததா?"

ஜெர்சி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எழுதிடறேன் சார். அந்த ஹெச்.ஆர். குரூப்ல என் பேர எடுக்கறதுக்கும் ஒண்ணு சேத்து எழுதிடறேன்," என்றாள்.

"தாராளமா! ஒன் இஷ்டம்."

ஐந்தரைக்கு ஜெர்சி தன் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டு தாள்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். சுப்பராயன் காஞ்சிபுரத்து ஜோசியரை போனில் பிடித்துக் கத்திக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தாமலே பேனாவுக்குக் கை நீட்டினார்.

"படிச்சிட்டுப் போடுங்க சார்," என்றாள் ஜெர்சி.

"இன்னாத்துக்கும்மா படிக்கறது, நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்."

"இது கஸ்டமருக்குப் போவுது சார். ஒரு தடவ படிச்சிடுங்க."

"ஒன்ன நம்பாம நான் வேற யார நம்பப் போறேன்?" சுப்பராயன் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முதல் தாளில் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டாவதும் படிக்க வேணாமா சார்?"

"அட, குடும்மா!" அதிலும் போட்டார்.

மாசானம் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தான். முதல் தாளில் மூல காரணம் என்ற கட்டத்தில் வைரஸைக் காணோம். நிறுவன உரிமையாளர் திரு. சுப்பராயன், எட்டாம் எண்ணைத் தவிர்ப்பதற்காக, ஊழியர்களுக்குத் தெரியாமல் பொது ஃபைலை மாற்றச் செய்ததே காரணம் என்று, நாளும் நேரமும் போட்டு எழுதியிருந்தது. இரண்டாவது தாள் எல்லா ஹெச்.ஆர்.களுக்கும். ஜெர்சி மீது நான் சொன்ன புகார் பொய், அவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறேன், இப்படிக்கு சுப்பராயன்.

மாசானம் மரகதத்தைத் திரும்பிப் பார்த்தான். மரகதம் ஜன்னல் வழியாக ஷெட்டில் நிற்கும் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஜெர்சி பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். "தேங்க்ஸ் சார்," என்று சொல்லிவிட்டு, இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு ஸ்கேனர் பக்கம் போனாள்.